அப்பாவுக்கு இதயத் தசை நோய்: குழந்தைக்கு ஜீன் டெஸ்ட் எடுக்கலாமா? எடுத்தால் என்ன தெரியும், என்ன தெரியாது?

ஆபீஸில் வருடாந்திர ஹெல்த் செக்-அப். கார்த்திக் என்று வைத்துக்கொள்வோம். வயது 35. சுகர் இல்லை, பிரஷர் இல்லை, வாரத்தில் நாலு நாள் ஜிம். ஈசிஜியில் ஏதோ வித்தியாசம் தெரிகிறது என்று எக்கோ எடுக்கச் சொல்கிறார்கள். எக்கோவில், இதயத்தின் இடது கீழறைச் சுவர் ஓரிடத்தில் 18 மில்லிமீட்டர் தடிமன். வழக்கமாக அது 12 மில்லிமீட்டருக்குள் இருக்கும்.

கார்டியாலஜிஸ்ட் ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு நிமிர்கிறார். மாத்திரை பற்றிப் பேசும் முன்பே ஒரு கேள்வி: "குழந்தைங்க இருக்காங்களா?"

இருக்கிறார்கள். 9 வயது மகள், பேட்மின்டன் கோச்சிங் போகிறாள். 4 வயது மகன். இரண்டு பேரும் வீட்டை இரண்டாக்கிக்கொண்டு ஓடியாடுகிறார்கள். அவர்களுக்கு என்ன?

கார்த்திக் கற்பனை. ஆனால் அந்தக் கேள்வி தினமும் ஏதோ ஒரு கார்டியாலஜி ஓ.பி.யில் கேட்கப்படுகிறது. அடுத்து வருவது "குழந்தைங்களுக்கும் ஜீன் டெஸ்ட் எடுத்துடலாமா?" என்ற கேள்வி. பதில் ஆம், இல்லை என்று ஒரே வார்த்தையில் முடிவதில்லை. யாருக்கு முதலில் எடுக்கிறோம், வரும் ரிப்போர்ட்டை யார் எப்படிப் படிக்கிறார்கள் என்பதைப் பொறுத்தே அந்த டெஸ்ட்டுக்கு மதிப்பு.

முதலில், இது என்ன நோய்?

இதயம் ஒரு தசை. அந்தத் தசையே பழுதாவதற்குப் பொதுப் பெயர் கார்டியோமயோபதி. ரத்தக்குழாய் அடைப்பால் வரும் மாரடைப்பு வேறு, இது வேறு.

இதில் பல வகைகள் உண்டு. சுவர் காரணமில்லாமல் தடித்துப்போவது ஹைப்பர்ட்ரோபிக் வகை. அறை பலூன் போல விரிந்து, பம்ப் செய்யும் பலம் குறைவது டைலேட்டட் வகை. தசை இருக்கவேண்டிய இடத்தில் கொழுப்பும் தழும்பும் சேர்ந்து துடிப்பின் ஒழுங்கு கெடுவது அரித்மோஜெனிக் வகை. கார்த்திக்குக்கு வந்திருப்பது முதல் வகை.

ஹைப்பர்ட்ரோபிக் வகை, பெரியவர்களில் சுமார் 500 பேரில் ஒருவருக்கு இருக்கிறது என்பது எக்கோ அடிப்படையிலான ஆய்வுகளில் வந்த கணக்கு. அதை அப்படியே 140 கோடியால் பெருக்கினால் 28 லட்சம் பேர். இது வெறும் பெருக்கல்தான், இந்தியாவில் எடுத்த கணக்கெடுப்பு இல்லை. ஆனால் 'அபூர்வ நோய்' என்று ஒதுக்கிவிட முடியாத அளவு என்பது புரிகிறது. இவர்களில் பலருக்கு வாழ்நாள் முழுக்கப் பெரிய தொந்தரவு இருக்காது. சிலருக்கு மூச்சு வாங்கும், நெஞ்சு படபடக்கும், மயக்கம் வரும். மிகச் சிலருக்குத் துடிப்பு திடீரெனத் தறிகெட்டு உயிர் போகும். கேமரூன் கால்பந்து வீரர் மார்க்-விவியன் ஃபோ 2003-ல் மைதானத்திலேயே சரிந்து இறந்தபோது, பிரேதப் பரிசோதனையில் தெரியவந்தது இந்த நோய்தான்.

குழந்தைகளிடம் நிலைமை வேறு. எல்லா வகைகளையும் சேர்த்தாலும், ஆண்டுக்கு ஒரு லட்சம் குழந்தைகளில் சுமார் ஒருவருக்குத்தான் புதிதாக இதயத் தசை நோய் கண்டுபிடிக்கப்படுகிறது என்கிறது அமெரிக்கப் பதிவேட்டுத் தரவு. எண்ணிக்கை குறைவு. ஆனால் கைக்குழந்தைப் பருவத்தில் வந்தால் தீவிரம் அதிகம், காரணங்களும் பலவிதம்.

குழந்தைக்கு எப்படிக் கடத்தப்படுகிறது?

ஹைப்பர்ட்ரோபிக் வகை பெரும்பாலும், இதயத் தசை சுருங்கி விரியும் எந்திரத்தைக் கட்டும் மரபணுக்களில் வரும் பிழையால் உண்டாகிறது. அதில் முதல் பிழை 1990-ல், எம்.ஒய்.எச்.7 என்ற மரபணுவில் கண்டுபிடிக்கப்பட்டது. அதுவும் எம்.ஒய்.பி.பி.சி.3 என்ற இன்னொன்றும்தான் இன்றுவரை அதிகம் மாட்டுபவை.

ஒவ்வொரு மரபணுவிலும் நமக்கு இரண்டு பிரதிகள்: அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. இந்த நோயில் பொதுவாக ஒரு பிரதி பழுதானாலே போதும். கார்த்திக்கிடம் ஒரு பழுதான பிரதி இருந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் அது போயிருக்க 50 சதவிகித வாய்ப்பு. காசு சுண்டுவது மாதிரி, ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியாக. "ரெண்டு பிள்ளைல ஒருத்தருக்குத்தான் வரும்" என்று அர்த்தமில்லை. இரண்டு பேருக்கும் இல்லாமலிருக்க 25 சதவிகிதம், இரண்டு பேருக்கும் இருக்க 25 சதவிகிதம், யாரோ ஒருவருக்கு மட்டும் இருக்க 50 சதவிகிதம். ஆண், பெண் வித்தியாசம் இதில் கிடையாது.

இன்னொரு விஷயம் இதைவிட முக்கியம். பிழை கிடைத்த எல்லோருக்கும் நோய் வருவதில்லை. ஒரே வீட்டில், ஒரே பிழையோடு, தாத்தா 80 வயது வரை நன்றாக இருப்பார், பேரனுக்கு 15 வயதில் சுவர் தடித்திருக்கும். ஆகவே ஜீன் டெஸ்ட் சொல்வது 'வாய்ப்பு இருக்கிறது' என்பதை மட்டுமே. எப்போது வரும், எவ்வளவு தீவிரமாக வரும் என்று அதால் சொல்ல முடியாது.

குழந்தைப் பருவத்து நோய்களில் வேறு வழிகளும் உண்டு. சிலவற்றில் இரண்டு பிரதிகளும் பழுதானால்தான் நோய். பெற்றோர் இருவரும் ஆரோக்கியமாக இருப்பார்கள், குழந்தை படுத்துவிடும். சொந்தத்தில் திருமணம் இங்கே கணக்கை மாற்றுகிறது. தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்றின்படி, தமிழ்நாட்டில் நான்கில் ஒரு திருமணத்துக்கும் மேல் உறவுக்குள் நடக்கிறது. இந்திய மாநிலங்களில் இது மிக உயர்ந்த அளவு. அத்தை மகள், மாமன் மகன், அக்கா மகள் என்று கட்டும்போது ஒரே தாத்தாவின் பிழை இரண்டு பக்கத்திலிருந்தும் குழந்தைக்கு வந்து சேரலாம். ஒரு பிரதி பழுதானால் மெதுவாக வரும் அதே நோய், இரண்டும் பழுதானால் பிறந்த சில மாதங்களிலேயே கடுமையாக வருவதும் உண்டு. டாக்டர் "சொந்தத்துல கல்யாணமா?" என்று கேட்டால் கோபப்படாமல் பதில் சொல்லுங்கள். அது உங்களைக் குறை சொல்லும் கேள்வி இல்லை.

இன்னும் சில, தாயிடமிருந்து மகனுக்குப் போகும் வகை. சில, பெற்றோர் யாரிடமும் இல்லாமல் குழந்தையிடம் புதிதாகத் தோன்றுபவை. வைரஸ் தொற்று, சில புற்றுநோய் மருந்துகள், கைக்குழந்தைகளில் கடுமையான வைட்டமின் டி குறைபாடு ஆகியவையும் இதயத் தசையைப் பலவீனமாக்கும். எனவே குழந்தைக்கு இதயத் தசை நோய் என்றாலே மரபணுதான் காரணம் என்று முடிவுகட்டக் கூடாது.

யாருக்கு முதலில் டெஸ்ட்?

பெரும்பாலான வீடுகள் தடுமாறும் இடம் இது. பயம் குழந்தைகளைப் பற்றி என்பதால் "முதல்ல பசங்களுக்கு எடுத்துடலாம்" என்று தோன்றும். வரிசை தலைகீழ்: நோய் உறுதியானவருக்குத்தான் முதல் டெஸ்ட். இங்கே அது கார்த்திக்.

காரணம் எளிது. கார்த்திக்கின் ரத்தத்தில் பல மரபணுக்களைப் படித்து, 'இந்தப் பக்கத்தில், இந்த வரியில், இந்த எழுத்துப் பிழை' என்று கண்டுபிடித்தால், பிறகு குழந்தைகளிடம் அந்த ஒரு வரியை மட்டும் பார்த்தால் போதும். செலவு குறைவு, பதிலும் தெளிவு. அப்பாவின் பிழை என்னவென்றே தெரியாமல் மகளைப் பரிசோதித்து 'எதுவும் இல்லை' என்று வந்தால், அது நிம்மதி தரும் பதில் இல்லை. குடும்பத்துப் பிழை அந்த டெஸ்ட்டில் பார்க்கப்படாத இடத்தில் இருந்திருக்கலாம்.

நோய் வந்திருப்பதே குழந்தைக்கு என்றால் வரிசை மாறும். குழந்தைக்கு முதல் டெஸ்ட். பிறகு அம்மா, அப்பா, கூடப் பிறந்தவர்கள்.

டெஸ்ட் என்பது சில மில்லி ரத்தம்தான், சில இடங்களில் எச்சில். தொகுப்பாகப் பல மரபணுக்களைப் பார்க்கும் பரிசோதனை தனியார் லேபில் பல ஆயிரம் ரூபாய் ஆகும். குடும்பத்துக்குத் தெரிந்த ஒரே பிழையைத் தேடுவது அதைவிடக் கணிசமாகக் குறைவு. ரிப்போர்ட் வர வாரக்கணக்கில் ஆகலாம். அரசுத் தரப்பில், மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையின் 'உம்மீத்' திட்டம் 2019-ல் தொடங்கப்பட்டு, நிதான் கேந்திரா என்ற மரபணு நோய்க் கண்டறிதல் மையங்கள் அரசு மருத்துவமனைகளில் அமைக்கப்பட்டன. உங்கள் ஊருக்கு அருகில் எது என்று குழந்தைகள் நல இதய மருத்துவரிடம் கேட்கலாம்.

ரிப்போர்ட்டில் என்ன எழுதியிருக்கும்?

லேப்கள் ஒரு மரபணு மாற்றத்தை ஐந்து தட்டுகளில் ஒன்றில் வைக்கின்றன: நோய் தருவது, அநேகமாக நோய் தருவது, அர்த்தம் தெளிவில்லாதது, அநேகமாகத் தீங்கற்றது, தீங்கற்றது. 2015 முதல் உலகம் முழுக்கப் பரவலாகப் புழங்கும் முறை இது.

கார்த்திக்கின் ரிப்போர்ட் மூன்று விதமாக வரலாம்.

ஒன்று, 'நோய் தருவது' அல்லது 'அநேகமாக நோய் தருவது'. ஹைப்பர்ட்ரோபிக் நோயாளிகளில் சுமார் 30 முதல் 60 சதவிகிதம் பேருக்கு இப்படிக் கிடைக்கிறது. இப்போது குழந்தைகளிடம் அந்த ஒரு பிழையைத் தேடலாம்.

இரண்டு, எதுவும் கிடைக்கவில்லை. 'அப்போ பரம்பரை நோய் இல்ல' என்று அர்த்தமாகாது. இன்றைய அறிவுக்கு எட்டவில்லை, அவ்வளவுதான். குழந்தைகளுக்கு ஜீன் டெஸ்ட் வேண்டாம், ஆனால் எக்கோ, ஈசிஜி அவ்வப்போது வேண்டும்.

மூன்று, 'அர்த்தம் தெளிவில்லாதது'. மாற்றம் இருக்கிறது, அது நோய்க்குக் காரணமா என்று சொல்லப் போதுமான ஆதாரம் இல்லை. கவனமாக இருக்க வேண்டிய இடம் இதுதான். இந்த முடிவை வைத்துக் குழந்தைகளுக்கு டெஸ்ட் எடுத்து 'இருக்கு', 'இல்லை' என்று முடிவெடுக்கக் கூடாது என்கின்றன மருத்துவ வழிகாட்டுதல்கள். காரணமில்லாத ஒரு மாற்றம் மகளிடம் இருக்கிறது என்று அவளை நோயாளி ஆக்கிவிடலாம். அதைவிட மோசம், அது மகனிடம் இல்லை என்று அவனுக்கு எக்கோவே எடுக்காமல் விட்டுவிடலாம்.

இந்தியர்களுக்கு இந்தச் சிக்கல் ஏன் கூடுதல்?

இதற்கு நம் ஊர் உதாரணமே இருக்கிறது.

2009-ல் 'நேச்சர் ஜெனடிக்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வந்தது. மதுரை காமராஜர் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த பி.எஸ்.தண்டபாணி, ஹைதராபாத் சிசிஎம்பியின் கே.தங்கராஜ் உள்ளிட்டோரின் ஆய்வு. எம்.ஒய்.பி.பி.சி.3 மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டிருப்பது தெற்காசியர்களிடம் மட்டும் பரவலாக இருக்கிறது, சுமார் 4 சதவிகிதம் பேரிடம் இருக்கிறது, இதயத் தசை நோயாளிகளிடம் அது பல மடங்கு அதிகமாகக் காணப்படுகிறது என்றது அந்தக் கட்டுரை. உலக அளவில் சுமார் 6 கோடிப் பேர். செய்தி பெரிதாகப் பேசப்பட்டது.

4 சதவிகிதம் என்றால் 25 பேரில் ஒருவர். உங்கள் டீமில் 25 பேர் இருந்தால், அதில் ஒருவருக்கு இருக்கலாம். அது நீங்களாகவும் இருக்கலாம்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். 10,000 இந்தியர்களை எடுத்துக்கொள்வோம். 4 சதவிகிதம் என்றால் 400 பேரிடம் இந்த விடுபடல் இருக்கும். 500-ல் ஒருவர் என்ற கணக்கில் 20 பேருக்கு ஹைப்பர்ட்ரோபிக் நோய் இருக்கும். அந்த 20 பேரிடமும் விடுபடல் இருப்பதாகவே வைத்துக்கொண்டாலும், மீதி 380 பேரிடம் விடுபடல் இருக்கிறது, இந்த நோய் இல்லை. ஆக, விடுபடல் மட்டுமே முழுக் கதையாக இருக்க முடியாது.

அடுத்து வந்த ஆய்வுகளும் அந்தத் திசையில்தான் போயின. 2018-ல் அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் சக்திவேல் சடையப்பன் குழு, விடுபடல் உள்ளவர்களில் ஒரு சிறு பகுதியினரிடம் அதே மரபணுவில் இன்னொரு மாற்றமும் ஒட்டிக்கொண்டிருப்பதையும், இதயத்தின் இயக்கத்தில் வித்தியாசம் அவர்களிடம் தெரிவதையும் காட்டியது. 2020-ல் வெளியான ஒரு மறுஆய்வு இன்னும் தெளிவாகச் சொன்னது: ஹைப்பர்ட்ரோபிக் நோயைத் தருவது, விடுபடலோடு சேர்ந்தே சில குடும்பங்களில் பயணிக்கும் வேறொரு அரிய பிழை. விடுபடல் மட்டும் இருப்பவர்களுக்கு அந்த ஆபத்து கூடுவதாகத் தெரியவில்லை.

2009-ன் ஆய்வு வீண் என்று இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். எந்தத் தெருவில் தேட வேண்டும் என்று காட்டியது அதுதான். வீடு எது என்று பிறகு தெரிந்தது. ஆனால் நடுவில் இருந்த பத்தாண்டுகளில் 'உங்க குழந்தைக்கு அந்த 25 எழுத்து இல்லை' என்ற ஒற்றை வரியைக் கேட்டுப் பயந்துபோன பெற்றோரை நினைத்துப் பாருங்கள்.

நம்மிடம் மட்டும் நடந்ததல்ல இது. 2016-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வந்த ஆய்வு, இதே ஹைப்பர்ட்ரோபிக் நோய்க்கான டெஸ்ட்டில் 'நோய் தருவது' என்று முத்திரை குத்தப்பட்ட சில மாற்றங்கள், ஆப்பிரிக்க அமெரிக்கர்களிடம் சாதாரணமாகக் காணப்படுபவை, தீங்கற்றவை என்று காட்டியது. ஒப்பிடப் பயன்பட்ட தரவுத்தளத்தில் பெரும்பாலும் வெள்ளையர்களே இருந்ததால் வந்த வினை.

ஒரு மாற்றம் அபூர்வமா, சகஜமா என்பதை உங்கள் மக்களின் தரவோடு ஒப்பிட்டால்தான் சொல்ல முடியும். அதற்காகத்தான் ஜீனோம் இந்தியா திட்டம். 83 மக்கள் குழுக்களைச் சேர்ந்த சுமார் 10,000 பேரின் முழு மரபணுத் தொகுப்பு, 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டது. தரவு கூடக் கூட, 'அர்த்தம் தெளிவில்லாதது' தட்டிலிருந்து பல மாற்றங்கள் இடம் மாறும். எனவே மூன்று நான்கு வருடம் பழைய ரிப்போர்ட் கையில் இருந்தால், அதை மறுபடி ஆராய்ந்து தரும்படி லேபிடம் கேட்கலாம். பல நேரங்களில் புதிதாக ரத்தம்கூடத் தேவைப்படாது.

நோய் ஏற்கெனவே வந்துவிட்ட குழந்தைக்கு டெஸ்ட் எதற்கு?

'நோய் இருக்கிறது என்று தெரிந்துவிட்டது, பெயர் தெரிந்து என்ன ஆகப்போகிறது?' என்று தோன்றலாம். சில குழந்தைகளுக்கு அந்தப் பெயர்தான் சிகிச்சையையே மாற்றும்.

உதாரணம், கார்னிடின் கடத்தல் குறைபாடு. உடல் கார்னிடினைத் தக்கவைக்க முடியாமல் போவதால் இதயம் விரிந்து பலமிழக்கும். மற்ற டைலேட்டட் நோய் போலவே எக்கோவில் தெரியும். ஆனால் காரணம் இதுதான் என்று தெரிந்து, வாய்வழியாக கார்னிடின் கொடுத்தால் இதயம் குறிப்பிடத்தக்க அளவு தேறும். விட்டுவிட்டால் உயிருக்கு ஆபத்து.

இன்னொன்று, போம்பே நோய். மும்பைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, இதை விவரித்த டச்சு மருத்துவரின் பெயர். பிறந்த சில மாதங்களிலேயே இதயச் சுவர் கடுமையாகத் தடிக்கும், குழந்தை துவண்டு கிடக்கும். உடலில் இல்லாத நொதியை ஊசி வழியே ஏற்றும் சிகிச்சை 2006 முதல் இருக்கிறது. எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு பலன். வாரங்கள்கூட முக்கியம். சிக்கல் பணம். தேசிய அரிய நோய்க் கொள்கையின் கீழ், குறிப்பிட்ட உயர் சிறப்பு மையங்களில் ஒரு நோயாளிக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. ஆனால் இந்த மருந்தை எடைக்கேற்ற அளவில், வாழ்நாள் முழுக்கக் கொடுக்க வேண்டும். குழந்தை வளர வளரச் செலவும் வளரும், உதவியின் உச்சவரம்பு அங்கேயே நிற்கும்.

நூனன் போன்ற கூட்டு அறிகுறி நோய்களில், இதயத்தோடு உயரம், ரத்த உறைவு, கற்றல் என மற்றவற்றையும் கவனிக்க வேண்டும் என்று ஜீன் டெஸ்ட் முன்கூட்டியே சொல்லிவிடும். அதே குடும்பத்து மரபணுக்களில் ஒன்றான ஆர்.ஏ.எஃப்.1, குழந்தைகளுக்கு வரும் டைலேட்டட் நோய்க்கும் காரணமாகலாம் என்று 2014-ல் காட்டிய ஆய்வில் தென்னிந்திய, வட இந்திய நோயாளிகளின் மாதிரிகளும் இருந்தன.

அடுத்த குழந்தை பற்றி யோசிக்கும் பெற்றோருக்கும் இது உதவும். குடும்பத்துப் பிழை தெரிந்திருந்தால் கர்ப்பகாலத்தின் தொடக்கத்திலேயோ, ஐவிஎஃப் கருவிலேயோ பார்க்க முடியும். மரபணு நோய்க்காகக் கருவைப் பரிசோதிப்பது 1994-ன் சட்டத்தின்கீழ், பதிவு பெற்ற மையத்தில், அனுமதிக்கப்பட்டதுதான். பாலினம் சொல்வதுதான் குற்றம்.

பாசிட்டிவ் வந்தால் பேட்மின்டன் நிற்குமா?

கார்த்திக்கின் பிழை தெளிவாகத் தெரிந்தது, மகளிடம் அது இருக்கிறது, மகனிடம் இல்லை என்று வைத்துக்கொள்வோம்.

மகனைப் பொறுத்தவரை கதை முடிந்தது. அவனுக்கு இதற்காக வருடா வருடம் எக்கோ வேண்டாம். அவனுடைய பிள்ளைகளுக்கும் இந்தப் பிழை அவன் வழியாகப் போகாது. ஜீன் டெஸ்ட் தரும் மிகப்பெரிய பரிசு பல வீடுகளில் இந்த 'இல்லை' என்ற பதில்தான்.

மகளுக்கு எக்கோவும் ஈசிஜியும் எடுக்கிறார்கள். இரண்டும் சரியாக இருக்கின்றன. அவளிடம் பிழை இருக்கிறது, நோய் இல்லை. இப்படிப்பட்ட குழந்தைகளுக்கு 1 முதல் 2 வருடத்துக்கு ஒருமுறை எக்கோ, ஈசிஜி. பெரியவளான பிறகு 3 முதல் 5 வருடத்துக்கு ஒருமுறை. இதுதான் அமெரிக்க இதய சங்கத்தின் 2024 வழிகாட்டுதல். மயக்கம், நெஞ்சுவலி, ஓடும்போது படபடப்பு வந்தால் காத்திருக்கக் கூடாது.

விளையாட்டை நிறுத்த வேண்டியதில்லை. முன்பு இப்படிப்பட்ட பிள்ளைகளை மைதானத்துப் பக்கமே விடாமல் வைத்திருந்த காலம் உண்டு. இப்போது, நோய் தோன்றாதவரை எந்தத் தீவிரத்திலும் விளையாடலாம் என்பதே வழிகாட்டுதல். 8 முதல் 60 வயது வரையிலான 1,660 பேரைத் தொடர்ந்து கவனித்து 2023-ல் வெளியான ஓர் ஆய்வில், ஹைப்பர்ட்ரோபிக் நோய் உள்ளவர்களில் கடுமையாக உடற்பயிற்சி செய்தவர்களுக்கு ஆபத்தான துடிப்புக் கோளாறு கூடவில்லை. ஒரு எச்சரிக்கை: இது ஹைப்பர்ட்ரோபிக் வகைக்கு. அரித்மோஜெனிக் வகையில் கடும் உடற்பயிற்சி நோயைத் தூண்டிவிடும். எந்த வகை என்று தெரியாமல் யூடியூப் பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

இன்சூரன்ஸ் கைவிடுமா?

நியாயமான பயம். இந்தியாவில் இந்த விவகாரத்தின் முக்கிய வழக்கே இதே நோயைப் பற்றியதுதான். ஹைப்பர்ட்ரோபிக் கார்டியோமயோபதி இருந்த ஒருவரின் க்ளெய்மை, 'மரபணு நோய்களுக்குக் காப்பீடு கிடையாது' என்ற பாலிசி வரியைக் காட்டி ஒரு பொதுத்துறை நிறுவனம் மறுத்தது. 2018 பிப்ரவரியில் டெல்லி உயர் நீதிமன்ற நீதிபதி பிரதிபா எம்.சிங், மரபணு நோய்களை இப்படி மொத்தமாக விலக்குவது பாரபட்சமானது, அரசியலமைப்பின் 14-வது பிரிவுக்கு எதிரானது என்று தீர்ப்பளித்தார். விவகாரம் மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. ஆனால் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ, 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், ஹெல்த் பாலிசிகள் மரபணு நோய்களை நிரந்தரமாக விலக்கிவைக்கக் கூடாது என்று பட்டியலிலேயே சேர்த்துவிட்டது.

இதில் ஓட்டைகளும் உண்டு. ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு 3 வருடம் வரை காத்திருப்புக் காலம் வைக்க நிறுவனங்களுக்கு அனுமதி உண்டு. ஆயுள் காப்பீடு, டெர்ம் பிளான் ஆகியவை வேறு கணக்கு. மரபணு அடிப்படையில் பாகுபாடு காட்டக் கூடாது என்று அமெரிக்காவில் 2008-ல் வந்தது போன்ற தனிச் சட்டம் இங்கே இல்லை. நோய் இல்லாமல் பிழை மட்டும் இருக்கும் 9 வயதுப் பெண்ணை நாளை எந்தக் கட்டத்தில் நிரப்புவார்கள் என்பதற்குச் சட்டத்தில் நேரடிப் பதில் இல்லை. ஆகவே டெஸ்ட்டுக்கு முன்பே உங்கள் குடும்ப பாலிசியைப் பார்த்துவிடுங்கள். விண்ணப்பத்தில் கேட்டதை மறைக்காதீர்கள். மறைத்தால் க்ளெய்ம் நிராகரிக்க அதுவே காரணமாகும்.

வீட்டில் எப்படிச் சொல்வது?

ரிப்போர்ட் வந்த அன்றே "இது யார் பக்கத்துல இருந்து வந்துச்சு?" என்ற கேள்வி பல வீடுகளில் எழும். பெரும்பாலும் மருமகளை நோக்கி. யாரும் விரும்பிக் கொடுத்ததில்லை என்பதை டாக்டர் வாயால் சொல்லவைப்பது சில சமயம் உதவும். ஜெனடிக் கவுன்சலரிடம் டெஸ்ட்டுக்கு முன் ஒரு முறை, பின் ஒரு முறை பேசுவது இதனால்தான் முக்கியம். அடுத்த கவலை, "பொண்ணுக்கு நாளைக்கு வரன் பார்க்கும்போது?" அந்தப் பயத்தில் ரிப்போர்ட்டைப் பீரோவில் பூட்டினால், அதே பிழை இருக்கக்கூடிய சித்தப்பாவும் அத்தையும் அவர்கள் பிள்ளைகளும் எக்கோ எடுக்காமலேயே இருந்துவிடுவார்கள். குறைந்தபட்சம் கார்த்திக்கின் அம்மா, அப்பா, கூடப் பிறந்தவர்களுக்குத் தகவல் போய்ச் சேர வேண்டும்.

குழந்தைக்கு? 30, 40 வயதுக்கு மேல்தான் வரக்கூடிய, முன்கூட்டித் தெரிந்தும் எதுவும் செய்ய முடியாத நோய்களுக்குக் குழந்தைகளைப் பரிசோதிப்பதில்லை. வளர்ந்த பிறகு அவர்களே முடிவெடுக்கட்டும் என்பது மருத்துவ நெறி. இதயத் தசை நோய் அந்த ரகம் இல்லை. சிறு வயதிலேயே வரலாம், கண்காணித்தால் பலன் உண்டு, அதனால்தான் இங்கே டெஸ்ட் ஏற்கப்படுகிறது. ஆனாலும் அவசரம் இல்லாதபோது, எக்கோவை மட்டும் தொடர்ந்து எடுத்துக்கொண்டு, ஜீன் டெஸ்ட்டைப் பிள்ளைக்கு விவரம் தெரியும் வயது வரை தள்ளிப்போடுவதும் தவறில்லை. எடுத்தால், வயதுக்கேற்ற உண்மையைச் சொல்லுங்கள். "அப்பாவுக்கு இருக்கிற மாதிரி உனக்கும் ஹார்ட்டைக் கொஞ்சம் கவனிச்சுக்கணும், அதான் செக்-அப்" என்பது 9 வயதுக்குப் போதும்.

டாக்டரிடம் கேட்க வேண்டிய 6 கேள்விகள்

1. எந்த வகை கார்டியோமயோபதி? மரபணு அல்லாத காரணங்களைப் பார்த்தாயிற்றா?
2. முதலில் யாருக்கு டெஸ்ட்? ஏன்?
3. ரிப்போர்ட் ஐந்து தட்டுகளில் எதில் வைத்திருக்கிறது? இந்தியத் தரவோடு ஒப்பிட்டுத்தானா?
4. முடிவு எப்படி வந்தாலும், குழந்தைக்கு அடுத்த எக்கோ எப்போது?
5. விளையாட்டு, பள்ளி பி.டி. வகுப்பு: எது சரி, எது கூடாது? எழுதித் தர முடியுமா?
6. வேறு எந்த உறவினர்களுக்குச் சொல்ல வேண்டும்?

கார்த்திக் போன்றவரின் டேபிளில் கிடக்கும் அந்த எக்கோ ரிப்போர்ட்டுக்குப் பிறகு செய்ய வேண்டிய முதல் வேலைக்கு லேப் எதுவும் தேவையில்லை. ஒரு வெள்ளைத் தாள் போதும். தாத்தா பாட்டியில் தொடங்கி மூன்று தலைமுறையை வரையுங்கள். 'தூக்கத்துலயே போயிட்டார்', 'குளத்துல மூழ்கிட்டான், நல்லா நீச்சல் தெரிஞ்சவன்', 'காரணமே தெரியல, 28 வயசு' என்று குடும்பத்தில் சொல்லப்படும் கதைகளை அந்தந்தப் பெயருக்குப் பக்கத்தில் எழுதுங்கள். அந்தத் தாளோடு டாக்டரிடம் போங்கள். ஜீன் டெஸ்ட்டில் எந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்று அவருக்குச் சொல்லப்போவது அதுதான்.